குழி வளர்கிறது, கேள்வி சுருங்குகிறது

நெய்வேலி முதல் தில்லி வரை: ஒரு சுரங்கத்தின் விரிவாக்கத்துக்கு அனுமதி எப்படிக் கிடைக்கிறது?

2023 ஜூலை 26. கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவி. முதலில் போலீஸ் வந்தது. பின்னாலேயே பொக்லைன்கள் வந்தன. பச்சைப் பசேல் என்று நின்ற நெற்பயிருக்குள் அவை இறங்கி, சேற்றையும் பயிரையும் சேர்த்து அள்ளி ஓரமாகக் கொட்டிக்கொண்டே போயின. பின்னால் ஒரு வாய்க்கால் உருவாகிக்கொண்டு வந்தது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. நெல் விளையும் வயலில் நெல்லைப் புதைத்து வாய்க்கால் வெட்டிய காட்சி அது.

அந்த வாய்க்கால் பாசனத்துக்கானது அல்ல. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் இரண்டாவது சுரங்கம் நகர்ந்து வரும் பாதையில் பரவனாறு குறுக்கிடுகிறது. ஆற்றைத் திருப்பி விட்டால்தான் சுரங்கம் மேலே போக முடியும். சுமார் 12 கிலோமீட்டர் மாற்றுப் பாதையில் பெரும்பகுதியை ஏற்கெனவே வெட்டியாயிற்று. மீதம் ஒன்றரை கிலோமீட்டர். அது இந்த வயல்கள் வழியாகப் போகிறது.

நிறுவனம் சொன்ன பதில் சுருக்கமானது. இந்த நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, பணமும் கொடுத்தாயிற்று, பயிரிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியும் இருந்தோம், வாய்க்கால் தாமதமானால் சுரங்கத்தில் வெள்ளம் புகும், மின் உற்பத்தி பாதிக்கும். விவசாயிகளின் பதிலும் சுருக்கமானதுதான். அன்றைக்குக் கொடுத்த விலை இன்றைக்குப் பக்கத்து நிலத்துக்குக் கொடுக்கும் விலையில் ஒரு பங்குகூட இல்லை, வீட்டுக்கு ஒரு நிரந்தர வேலை என்ற பேச்சு என்ன ஆனது, இத்தனை ஆண்டுகள் எடுக்காமல் விட்ட நிலத்தில் விதைக்காமல் என்ன செய்வது?

பத்திரத்தில் அது என்.எல்.சி. நிலம். கண்ணெதிரே அது நெல் வயல். இந்த இரண்டும் இத்தனை ஆண்டுகள் ஒன்றையொன்று சந்திக்காமல் எப்படி இருந்தன? ஒரு சுரங்கம் விரிவடையும்போது யாரிடம் அனுமதி கேட்கிறது, யாரைக் கேட்காமல் விடுகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

கிணற்றில் வந்த கரி

நெய்வேலியின் கதை அனுமதிக் கடிதத்தில் தொடங்கவில்லை, ஒரு கிணற்றில் தொடங்கியது. 1930-களின் நடுவில், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ கலந்து வந்தது. அதை அவர் அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டு போனார். மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி இருப்பது ஆய்வுகளில் உறுதியானது. 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு, சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது.

அந்தக் காலத்து ஊர்க்காரர்கள் நிலம் கொடுத்ததை ஏமாற்றுக் கதையாக மட்டும் சொல்லிவிட முடியாது. நிலக்கரிக்கு வங்காளத்தையும் பீகாரையும் எதிர்பார்த்திருந்த மாநிலத்துக்குச் சொந்தமாக ஒரு கரி வயல் கிடைத்தது. முந்திரியும் பலாவும் விளைந்த செம்மண் பூமியில் ஒரு திட்டமிட்ட நகரம் எழுந்தது. சம்பளம், குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் வந்தன. கடலூர் மாவட்டத்தில் இரண்டு தலைமுறைக்கு “என்.எல்.சி. மாப்பிள்ளை” என்பது மரியாதையான சொல்லாக இருந்தது. நிலத்தை இழந்தவரின் பேரன் அதே குழியில் ஒப்பந்தத் தொழிலாளியாக நின்று, நிரந்தரம் எப்போது என்று கேட்டுக்கொண்டிருப்பதும் அதே கதையின் இன்னொரு பக்கம். வளையமாதேவியில் பொக்லைன்கள் இறங்கிய அந்த ஜூலை மாதத்தில், ஒப்பந்தத் தொழிலாளர்களும் போராட்டத்தில்தான் இருந்தார்கள்.

நகர்ந்துகொண்டே இருக்கும் குழி

சுரங்கம் என்றதும் தரைக்கடியில் குகை, தலையில் விளக்கு என்று நினைப்போம். நெய்வேலி அப்படியல்ல. இங்கே பூமியின் மேல் தோலை உரித்துவிட்டு அடியில் இருக்கும் கரியை எடுக்கிறார்கள். கரிப் படுகைக்கு மேலே பல பனைமர உயரத்துக்கு மண்ணும் மணற்கல்லும் கிடக்கின்றன. ஒரு டன் கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் கூடுதலாக மண்ணை அகற்ற வேண்டும். ராட்சதச் சக்கரத்தில் வாளிகளைக் கோத்த பக்கெட் வீல் இயந்திரங்கள் இரவு பகலாக மண்ணை அறுக்கின்றன. கன்வேயர் பட்டைகள் அதைக் கிலோமீட்டர் கணக்கில் சுமந்துபோய், கரி எடுத்து முடித்த பக்கத்தில் கொட்டுகின்றன. முன்னால் வெட்டுவதும் பின்னால் மூடுவதுமாகச் சுரங்கம் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஓரிடத்தில் நின்றுவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

இன்னொரு விசேஷம் தண்ணீர். கரிப் படுகைக்குக் கீழே பெரும் நீர்த்தாரை ஒன்று அழுத்தத்தோடு அடைந்து கிடக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி முட்டும் அழுத்தம். மேலே உள்ள மண் பாரத்தை எடுத்துவிட்டால் அந்த நீர் கரிப் படுகையைப் பிளந்துகொண்டு பீறிட்டுவிடும். எனவே சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, ஆண்டு முழுவதும் நாள் முழுவதும் தண்ணீரை இறைத்தாக வேண்டும். அப்படி இறைத்த நீர் அனல்மின் நிலையத்துக்கும் நகரியத்துக்கும் போகிறது, சென்னை தாகத்தில் தவித்த காலங்களில் சென்னைக்கும் வந்திருக்கிறது, ஓடைகள் வழியே ஏரிகளுக்கும் போகிறது. தண்ணீர் வந்த ஏரிப் பாசனக்காரர்களுக்கு அது வரவு. ஒரு காலத்தில் கை பம்பில் வந்த தண்ணீரைத் தேடி மோட்டாரை மேலும் மேலும் கீழே இறக்கும் கிராமத்துக்கு அது செலவு.

ஆகவே நெய்வேலியில் விரிவாக்கம் என்றால் கரி கொஞ்சம் கூடுதலாக எடுப்பதோடு முடிவதில்லை. அகற்றும் மண் கூடும், இறைக்கும் நீர் கூடும், குழி ஊரும் வேகம் கூடும். பத்தாண்டு கழித்து வரவேண்டிய பொக்லைன் ஐந்தாண்டில் வாசலுக்கு வந்து நிற்கும்.

47 லட்சத்திலிருந்து ஒன்றரைக் கோடி

இரண்டாவது சுரங்கத்தின் வளர்ச்சியைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம். 1978-ல் மத்திய அரசு அதற்கு ஒப்புதல் தந்தபோது திட்டமிட்ட அளவு ஆண்டுக்கு 47 லட்சம் டன். 1983-ல் அதை 1 கோடியே 5 லட்சம் டன்னாக உயர்த்த ஒப்புதல் கிடைத்தது. 2004-ல் அதையும் தாண்டி 1 கோடியே 50 லட்சம் டன்னுக்கு ஒப்புதல் வந்து, 2010-ல் அந்த விரிவாக்கம் முடிந்தது. ஒரே சுரங்கம், ஒரே பெயர். ஆனால் தொடங்கும்போது இருந்ததைவிட மூன்று மடங்குக்கும் பெரியது.

இதற்குப் பக்கத்தில் சட்டத்தின் ஆண்டுகளை வைத்துப் பாருங்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1986-ல், போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிய அறிவிக்கை 1994 ஜனவரியில். மக்களிடம் கருத்துக் கேட்பது கட்டாயமானது 1997-ல். இப்போது நடைமுறையில் இருக்கும் அறிவிக்கை 2006 செப்டம்பரில். சுரங்கம் பிறந்தபோதும் முதல் தடவை பருத்தபோதும் இந்தச் சட்டங்கள் எதுவும் இல்லை. மூன்றாவது படியில்தான் சட்டம் உடன் வந்து நின்றது.

இது நெய்வேலியின் தனிக் கதை அல்ல. இந்தியாவின் பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் பலவும் இப்படித்தான். புதிதாக ஒரு குழி தோண்டுவதற்கு ஆயிரம் கேள்வி. இருக்கிற குழியை அகலப்படுத்துவதற்கு மட்டும், “ஏற்கெனவே இருப்பதுதானே” என்ற ஒற்றைச் சமாதானம்.

நான்கு வாசல்கள்

2006 அறிவிக்கைப்படி ஒரு பெரிய நிலக்கரிச் சுரங்கமோ அதன் விரிவாக்கமோ தில்லியில் உள்ள சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அனுமதி பெற வேண்டும். பொதுவாக நான்கு வாசல் என்பார்கள். திட்டம் எந்த வகையில் வருகிறது என்று பிரிப்பது முதல் வாசல். பெரிய சுரங்கங்கள் நேரே அடுத்த வாசலுக்குப் போய்விடும். அங்கே நிபுணர் குழு, எதை எதை ஆராய வேண்டும் என்று எல்லை வகுத்துக் கொடுக்கும். மூன்றாவது, மக்கள் கருத்துக் கேட்பு. நான்காவது, இறுதி அறிக்கையை வைத்து நிபுணர் குழுவின் பரிசீலனை. அந்தக் குழு 60 நாளில் பரிந்துரை சொல்ல வேண்டும். அமைச்சகம் அடுத்த 45 நாளில் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாவது வாசலுக்கும் மூன்றாவது வாசலுக்கும் நடுவில்தான் அறிக்கை தயாராகிறது. தயாரிப்பது அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனம். அதற்கு வேலை கொடுப்பதும் கூலி கொடுப்பதும் சுரங்கம் வெட்டப்போகிற நிறுவனமே. மாப்பிள்ளை வீட்டார் பணம் கொடுத்து அமர்த்திய ஜோசியர் ஜாதகம் பார்க்கிற கதைதான். எல்லா ஜோசியரும் பொய் சொல்வதில்லை. ஆனால் பொருந்தாத ஜாதகம் என்று சொன்ன ஜோசியரை அடுத்த கல்யாணத்துக்கு யார் கூப்பிடுவார்கள்?

அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்கள், ஆங்கிலத்தில். ஊர் மக்களுக்கு அவர்கள் மொழியில் கிடைப்பது சுருக்கம் மட்டும். 2020-ல் மத்திய அரசு இந்த அறிவிக்கையையே மாற்றி எழுத ஒரு வரைவு வெளியிட்டபோது, அதை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் எல்லாம் மொழிபெயர்க்கச் சொல்லி தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. தன் கிணற்றைப் பற்றிய ஆவணத்தைத் தன் மொழியில் படிப்பது ஒரு குடிமகனின் உரிமை என்று நமக்குத் தோன்றும். அதற்கும் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கிறது.

பந்தல் நாள்

அந்த நான்கு வாசல்களில் ஊர்க்காரர் உள்ளே நுழையக்கூடியது மூன்றாவது மட்டுமே. கருத்துக்கேட்புக் கூட்டத்தை நடத்துவது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தலைமை வகிப்பவர் மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் சார்பில் ஓர் அதிகாரி. 30 நாள் முன்னதாக நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். நடப்பது முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு கிடையாது.

கடலூரானாலும் சத்தீஸ்கரின் நிலக்கரி ஊரான கோர்பாவானாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். ஷாமியானா பந்தல். முன்வரிசையில் அதிகாரிகள், திட்டத்தை ஆதரித்துப் பேச வந்தவர்கள். பந்தல் ஓரத்தில் ஊர்க்காரர்கள். அதையும் தாண்டி போலீஸ். திரையில் வண்ண வண்ண வரைபடங்கள் ஓடும். மைக் கையில் கிடைத்த ஊர்க்காரர் வரைபடத்தைப் பற்றிப் பேச மாட்டார். ஊர்ச் சுடுகாட்டுக்கு எந்த வழியாகப் போவது என்று கேட்பார். கோயிலை எங்கே வைப்பீர்கள், என் மகனுக்கு வேலை உண்டா, குடிதண்ணீரில் ஏன் கரி வாசம் வருகிறது என்று கேட்பார். படித்தவர்கள் சிலருக்கு இவை சம்பந்தமில்லாத கேள்விகளாகத் தோன்றலாம். ஆனால் தாக்க மதிப்பீடு என்ற சொல்லுக்கு இதைவிடச் சரியான பொருளை எந்த நிபுணரும் எழுதிவிட முடியாது.

இந்தக் கூட்டம் வாக்கெடுப்பு அல்ல. வந்த அத்தனை பேரும் வேண்டாம் என்றாலும் அனுமதி கிடைக்கலாம். ஆனால் எழுப்பிய ஒவ்வொரு கேள்விக்கும் நிறுவனம் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். நாளைக்குப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனால் கையில் இருக்கப்போகும் முதல் ஆவணம் அந்தக் கூட்டத்தின் பதிவேடுதான். தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள் அவகாசம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்குள் அனுமதி வந்த செய்தியே பல ஊர்களுக்கு எட்டுவதில்லை.

“விரிவாக்கம்தானே!”

சுரங்கத்தின் அளவு ஏறிய அதே காலத்தில், விரிவாக்கத்துக்கான கேள்விகள் ஒவ்வொன்றாக இறங்கின. 2012 டிசம்பரில், நிலக்கரிச் சுரங்கங்கள் ஒருமுறை மட்டும் 25 விழுக்காடு வரை விரிவடைந்தால் மறுபடியும் கருத்துக்கேட்புக் கூட்டம் வேண்டாம் என்று சலுகை வந்தது. 2014-ல் சலுகை இன்னும் அகலமானது. 2017 செப்டம்பரில், கட்டம் கட்டமாக 40 விழுக்காடு வரை கூட்டிக்கொள்ளலாம் என்று ஆனது. 2022-ன் கோடையில் வெயில் கொளுத்தியது, மின் தேவை எகிறியது, அனல்மின் நிலையங்களில் கரி இருப்பு கரைந்தது. அந்த மே மாதம் 7-ம் தேதி, ஏற்கெனவே 40 விழுக்காடு வரை அனுமதி பெற்ற சுரங்கங்கள் புதிய மதிப்பீட்டு அறிக்கையும் மக்கள் கூட்டமும் இல்லாமலே 50 விழுக்காட்டை எட்டலாம் என்று அமைச்சகம் சொன்னது.

இவற்றில் எதுவும் நாடாளுமன்றத்தில் விவாதித்து வந்த சட்டம் அல்ல. அலுவலகக் குறிப்பாணைகள். ஒரு கிராமம் பேசலாமா கூடாதா என்பதை ஒரு சுற்றறிக்கையே முடிவு செய்துவிடுகிறது.

சலுகைக்கு அமைச்சகம் சொல்லும் நியாயத்தையும் கேட்க வேண்டும். குத்தகை எல்லை ஓர் அங்குலம்கூட நகரக் கூடாது என்பது நிபந்தனை. எல்லைக்குள்ளேயே இயந்திரத்தின் திறனைக் கூட்டி, எடுக்க வேண்டிய கரியைச் சீக்கிரம் எடுக்கப் போகிறார்கள். ஊர் மக்கள் ஏற்கெனவே ஒருமுறை பேசியாயிற்று. நாட்டுக்கு மின்சாரம் அவசரம். ஒவ்வொரு தடவையும் பந்தல் போட்டால் வெளிநாட்டுக் கரியை டாலர் கொடுத்து வாங்க வேண்டிவரும். இவை வெறும் சாக்கு அல்ல.

ஆனால் “குத்தகை எல்லைக்குள்” என்ற சொற்களுக்குள் என்ன இருக்கிறது? வளையமாதேவியைப் போல, காகிதத்தில் எப்போதோ சுரங்கத்துக்குப் போய்விட்ட, நேரில் இன்னும் நாற்று நடுகிற வயல்கள் அதற்குள் இருக்கின்றன. முதல் கூட்டத்தில் கைக்குழந்தையாக இருந்தவருக்கு இன்று ஓட்டுரிமை வந்திருக்கும். அந்த ஊரின் கிணறு அன்றிருந்த ஆழத்தில் இன்று இல்லை. அப்போது பேசியவர் 20 ஆண்டு கழித்து அனுபவிக்கப்போவதைப் பற்றி ஊகமாகப் பேசினார். அனுபவித்துப் பார்த்தவர் பேச வேண்டிய நேரத்தில் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். இரண்டாவது சுரங்கத்தின் கடைசி விரிவாக்கம் 1 கோடியே 5 லட்சம் டன்னிலிருந்து 1 கோடியே 50 லட்சம் டன்னுக்கு. அது கிட்டத்தட்ட 43 விழுக்காடு உயர்வு. எல்லை நகராமல் அதே அளவு உயர்வை ஒரு சுரங்கம் கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தால், 2022-ன் அந்தச் சலுகைப்படி மறுபடி பந்தலே போடாமல் அது நடந்து முடிய இடம் இருந்தது.

அறிக்கையில் வராதவை

கூட்டம் நடந்தாலும் அறிக்கையே சில விஷயங்களைப் பார்ப்பதில்லை. முதலாவது, மழை. அடிப்படைத் தரவுகளை மழைக்காலம் நீங்கலாக ஏதாவது ஒரு பருவத்தில், மூன்று மாதம் திரட்டினால் போதும் என்பது வழக்கம். கடலூருக்கு இது எப்படிப் பொருந்தும்? இந்த மாவட்டத்தின் ஆண்டுத் தலைவிதியே அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் எழுதப்படுகிறது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் கூடுதலாக மழை கொட்டியது. குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பகுதிகள் மூழ்கின. சுரங்கத் தண்ணீரை வெளியேற்றியது வெள்ளத்தைக் கூட்டியது என்ற புகார் அப்போதும் எழுந்தது, ஒவ்வொரு பெருமழையிலும் எழுகிறது. ஆற்றையே இடம் மாற்றும் ஒரு திட்டத்தை, ஆறு வறண்டு கிடக்கும் மாதங்களில் அளந்துவிட்டு மதிப்பீடு என்று சொல்லலாமா?

இரண்டாவது, வட்டம். சுரங்கத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் வரை ஆய்வு எல்லை. நிலத்தடி நீர்த்தாரைக்கு இந்த வட்டம் தெரியாது. நெய்வேலியில் இறைக்கும் நீர், விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்து மேட்டு நிலங்களில் விழுந்த மழை மண்ணுக்குள் இறங்கி வந்தது.

மூன்றாவது, பக்கத்து வீடு. சுரங்கத்திலிருந்து வெளிவரும் கரி பெரும்பாலும் லாரி ஏறி எங்கோ போவதில்லை. கன்வேயரில் ஏறி எதிரே இருக்கும் அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. ஆனால் சுரங்கத்துக்குத் தனி விண்ணப்பம், மின் நிலையத்துக்குத் தனி விண்ணப்பம். பட்டை இணைத்து வைத்ததைக் காகிதம் பிரித்து வைக்கிறது. கிராமத்துக் குழந்தையின் மூச்சில் சுரங்கத் தூசும் மின் நிலையச் சாம்பலும் தனித்தனியாகப் போவதில்லை.

நான்காவது, மனிதர்கள். நிலமெடுப்பால் ஒரு சமூகத்துக்கு என்ன ஆகும் என்று ஆராயச் சொல்வது 2013-ம் ஆண்டின் மத்திய நிலமெடுப்புச் சட்டம். தமிழ்நாட்டில் தொழில் திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் மாநிலச் சட்டத்துக்கு அந்தச் சமூகத் தாக்க மதிப்பீட்டிலிருந்து விலக்கு உண்டு. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. மாநில அரசு புதிய சட்டம் கொண்டு வந்து உயிர் கொடுத்தது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. தில்லி காற்றையும் நீரையும் அளக்கச் சொல்கிறது. குடும்பங்களை அளக்க வேண்டிய கருவியைச் சென்னையே தள்ளி வைத்திருக்கிறது. இதில் எந்தக் கட்சி ஆட்சி என்ற பேதம் இல்லை.

2023 ஏப்ரலில் காவிரி டெல்டாவை ஒட்டிய மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் வந்தபோது தமிழகமே கொதித்தது. முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சில நாள்களில் அந்த மூன்றும் பட்டியலிலிருந்து நீங்கின. புதிய சுரங்கம் என்றதும் ஒரு மாநிலமே குரல் எழுப்பியது. மூன்று மாதம் கழித்து வளையமாதேவியில் இறங்கியது பழைய சுரங்கம் என்பதால், அதே மாநிலத்தின் போலீஸ் பாதுகாப்புக்கு நின்றது.

வெளியே என்ன நடக்கிறது?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் புல்கா என்று ஒரு சிற்றூர். பக்கத்தில் இருந்த வார்க்வொர்த் சுரங்கத்தின் விரிவாக்கத்துக்கு அரசு கொடுத்த அனுமதியை ஊர்க்காரர்கள் நீதிமன்றத்தில் எதிர்த்தார்கள். 2013-ல் தலைமை நீதிபதி பிரெஸ்டன், பொருளாதார லாபத்தைவிட ஊருக்கும் இயற்கைக்கும் வரும் இழப்பு பெரிது என்று எடை போட்டு அனுமதியை ரத்து செய்தார். கதை அதோடு முடியவில்லை. நிறுவனம் புதிதாக விண்ணப்பித்து, 2015-ல் அனுமதி வாங்கியது. ஆனால் ஓர் ஊரின் அமைதியையும் ஒரு சுரங்கத்தின் லாபத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க முடியும் என்று அந்தத் தீர்ப்பு காட்டிவிட்டது.

அதே மாநிலத்தில் மவுன்ட் பிளசன்ட் சுரங்க விரிவாக்கத்தின் அனுமதி 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அடிபட்டது. ஏற்றுமதியான கரி எங்கோ எரிந்தாலும், அந்தப் புகையால் மாறும் பருவநிலை உள்ளூரைப் பாதிக்குமா என்று பார்த்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். பிரிட்டனில் உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் ஓர் எண்ணெய்க் கிணற்று வழக்கில், எடுக்கும் எரிபொருள் எரியும்போது வரும் புகையும் மதிப்பீட்டில் இருக்க வேண்டும் என்று சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு கம்ப்ரியாவில் ஒரு புதிய நிலக்கரிச் சுரங்கத்தின் அனுமதி மூன்றே மாதத்தில் ரத்தானது. அங்கே கரி கடல் தாண்டிப் போய் எரிவதைக் கணக்கில் கேட்கிறார்கள். இங்கே கன்வேயரின் மறுமுனையில் எரிவதே வேறு கோப்பில் இருக்கிறது.

அனுமதிக்குப் பிறகு

அனுமதிக் கடிதம் வெறும் “சரி” அல்ல. நிபந்தனைகளின் நீண்ட பட்டியல் அதோடு வரும். மேல்மண்ணைத் தனியாகச் சேமிக்க வேண்டும், மண் மேடுகளில் மரம் வளர்க்க வேண்டும், கிணறுகளின் நீர்மட்டத்தைத் தொடர்ந்து அளக்க வேண்டும், முடிந்த பகுதியைச் சீரமைக்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1-க்குள்ளும் டிசம்பர் 1-க்குள்ளும் நிறுவனம் இணக்க அறிக்கை கொடுக்க வேண்டும். நெய்வேலியில் பழைய மண் மேடுகள் சில பசுமையாகி, குளமும் பறவைகளுமாக இருப்பது உண்மை. ஆனால் கரி எடுத்த நிலம் எத்தனை ஏக்கர் மறுபடி உழவர் கைக்கு வந்தது என்ற கேள்வியை எந்தத் திண்ணையில் கேட்டாலும் சிரிப்புத்தான் பதில்.

விரிவாக்கம் கேட்கும் சுரங்கத்திடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. போன தடவை ஒப்புக்கொண்டதில் எதையெல்லாம் செய்தாய்? புதிய சுரங்கத்தின் அறிக்கை வெறும் ஆரூடம். பழைய சுரங்கத்துக்கு வரலாறு இருக்கிறது. எத்தனை கிணறு வற்றியது, எத்தனை குடும்பத்துக்கு வேலை வந்தது, எத்தனை மேட்டில் மரம் நின்றது என்று எண்ணிச் சொல்லலாம். அந்தக் கணக்கை ஊர் முன்னிலையில் வாசித்து ஊரிடம் சரிபார்க்கும் இடம் கருத்துக்கேட்புக் கூட்டம். விரிவாக்கத்துக்குத்தான் அது மிகவும் தேவை. அங்கேதான் அதை எடுத்திருக்கிறார்கள்.

கரி இல்லாமல் நாளைக்கே விளக்கெரியும் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. 1962-ல் ஓடத் தொடங்கிய நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றது. அதன் இடத்தில் புதிய நிலையம் வந்தது. காற்றாலையும் சூரியத் தகடும் பெருகிவரும் தமிழ்நாட்டிலும் மாலை ஏழு மணிக்கு மின்விசிறி சுற்றக் கரி எரிகிறது. அந்த வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறோம், நீங்கள் படிக்கிறீர்கள். ஆகவே கேட்பது சின்ன விஷயங்கள்தான். முழு அறிக்கை தமிழில் வேண்டும். தரவு ஒரு முழு ஆண்டுக்கு, முக்கியமாக ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் சேர்த்து வேண்டும். சுரங்கத்தையும் மின் நிலையத்தையும் ஒரே தாளில் பார்க்க வேண்டும். எத்தனை விழுக்காடானாலும் விரிவாக்கத்துக்கு முன் ஊரைக் கூப்பிட வேண்டும். எடுத்த நிலத்தில் ஆண்டுக்கணக்கில் வேலை தொடங்காவிட்டால், தொடங்கும் தேதியை விதைப்புக்கு முன் உழவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

இரண்டு மாதம்

வளையமாதேவிக் காட்சிகள் வந்த இரண்டாம் நாள், ஜூலை 28-ல், பாட்டாளி மக்கள் கட்சி நடத்திய முற்றுகைப் போராட்டம் நெய்வேலியில் கல்வீச்சாகவும் போலீஸ் தடியடியாகவும் மாறியது. கட்சியின் அன்றைய தலைவர் அன்புமணி ராமதாஸ் கைதானார். அதே நாளில் சென்னை உயர் நீதிமன்றத்தில், என்.எல்.சி. தொழிலாளர் போராட்டம் தொடர்பான வழக்கு ஒன்று விசாரணைக்கு வந்தது. நீதிபதி எம். தண்டபாணி பயிர் அழிந்த காட்சி தமக்குக் கண்ணீரை வரவழைத்ததாகச் சொன்னார். அறுவடைக்கு இன்னும் இரண்டு மாதம்தானே, அதுவரை பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார். அடுத்த வாரம் இன்னொரு வழக்கில், சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவானது. மீதிப் பயிரை அறுத்துக்கொண்டு நிலத்தை ஒப்படைக்கும்படி விவசாயிகளுக்கும் சொல்லப்பட்டது.

அந்த இரண்டு மாதத்தை யாராவது முன்பே கேட்டிருக்கலாம். ஆய்வு எல்லை வகுத்த குழு, அறிக்கை எழுதிய ஆலோசகர், நிபந்தனை போட்ட அமைச்சகம், அரையாண்டு அறிக்கை வாங்கிய அலுவலகம் என்று அத்தனை மேசைகள் இருந்தன. எந்த மேசையிலும் அந்தக் கேள்வி எழவில்லை, ஏனென்றால் எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை. ஊர்ப் பந்தலில் மைக் இருந்திருந்தால், நடவு முடித்துவிட்டு வந்த யாராவது ஒருவர் முதல் ஆளாக அதைத்தான் கேட்டிருப்பார்: ஐயா, அறுப்பு முடிகிறவரைக்கும் பொறுப்பீங்களா?